பாதி சுத்தமான தண்ணீர்

2024 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் வேங்கூர் ஊராட்சியில் 200க்கும் மேற்பட்டோருக்கு மஞ்சள் காமாலை வந்தது. குழாயில் வந்த பொதுக் குடிநீர் மீதே சந்தேகம் விழுந்தது. அதே ஆண்டு மலப்புறம் மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. இரண்டு இடத்திலும் கிருமி ஒன்றுதான்: ஹெபடைடிஸ் ஏ. செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்வி நியாயமானது. பெரிய மாநிலங்களில் சிசு மரணம் மிகக் குறைந்தது கேரளம். அங்கே ஏறக்குறைய வீட்டுக்கு வீடு கழிப்பறை உண்டு. எழுத்தறிவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவும் நோய் அங்கே ஏன் இப்படித் தலைவிரித்து ஆட வேண்டும்? சுகாதாரத்தில் பின்தங்கிய வட இந்திய மாவட்டங்களில் அல்லவா இது முதலில் வெடித்திருக்க வேண்டும்? அங்கேயும் இந்த வைரஸ் இருக்கிறது, கேரளத்தில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் அங்கே அது கைக்குழந்தைகளையும் தவழும் குழந்தைகளையும் தொற்றிவிட்டு யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. பள்ளிப் பிள்ளைகளைக் காமாலையிலிருந்து காப்பது பற்றிப் பேசுகிறவர்கள் இந்த முரணை விளங்கிக்கொள்ளாமல் ஓரடியும் எடுத்துவைக்க முடியாது.

ஹெபடைடிஸ் ஏ வைரஸை 1973இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஃபைன்ஸ்டோன், கபிகியன், பர்செல் மூவரும் நோயாளிகளின் மலத்தில் மின்னணு நுண்ணோக்கி வழியே கண்டறிந்தார்கள். அது கல்லீரலைத் தாக்கும். ஆனால் ஹெபடைடிஸ் பி, சி போல உடம்பில் நிரந்தரமாகத் தங்காது. ஒருமுறை வந்தவருக்கு ஆயுளுக்கும் மறுபடி வராது. அதன் விசித்திரம் எல்லாம் வயதில் இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொற்றினால் பத்தில் ஏழு பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. தெரிந்தாலும் லேசான காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ என்று கடந்துபோகும். கண் மஞ்சளாவது மிகச் சிலருக்கே. அதே தொற்று பதின்வயதிலோ இருபதிலோ வந்தால் கணக்கு தலைகீழாகிறது: பத்தில் ஏழு பேருக்கு மேல் காமாலை தெரியும். வாரக்கணக்கில் சோர்வு, வாந்தி, உணவில் வெறுப்பு. நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்குக் கல்லீரல் திடீரெனச் செயலிழக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் சாவு விகிதம் இன்னும் கூடும். ஆகவே, ஒரு சமூகத்தில் தொற்று எண்ணிக்கை குறைவதும் நோயாளிகள் எண்ணிக்கை கூடுவதும் ஒரே காலத்தில் நடக்கலாம். முதல் தொற்று எந்த வயதில் வருகிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

1955 டிசம்பரில் யமுனையில் திரும்பிய சாக்கடை நீர் டெல்லியின் குடிநீரில் கலந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. உலகப் புகழ் பெற்ற அந்தக் கொள்ளைநோயை நெடுங்காலம் ஹெபடைடிஸ் ஏ என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது அது வேறொரு வைரஸ், இன்று ஹெபடைடிஸ் ஈ எனப்படுவது, என்று தெரிந்தது. அன்றைய டெல்லிவாசிகளில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே ஏ வைரஸைச் சந்தித்து எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தார்கள். சாக்கடை எவ்வளவு கலந்தாலும் ஏ வைரஸ் அவர்களை ஒன்றும் செய்திருக்காது. இதன் மறுபக்கத்தை 1988இல் ஷாங்காய் காட்டியது. சரியாக வேகாத சிப்பிகளைத் தின்ற அந்த நகரத்தில் இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. அவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். வசதி பெருகி, சிறுவயதுத் தொற்று குறைந்த நகரத்தில் எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு தலைமுறை வளர்ந்து நின்றது. ஒரு சிப்பிக் கூடை போதுமானதாயிற்று. இந்தியாவிலும் அந்த மாற்றம் தொடங்கி வெகுகாலமாகிறது. புனேயில் 1980களிலிருந்து 1990களின் இறுதிவரை எடுத்த ரத்த மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வுகள், வசதியுள்ள குடும்பங்களில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் உள்ளவர்களின் விகிதம் இறங்கிவருவதைக் காட்டின. கேரளம் அந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்டது. அங்கே கழிப்பறை இருக்கிறது. பக்கத்திலேயே திறந்த கிணறும் இருக்கிறது. கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் சில அடி மண்தான். சிறுவயதில் தொற்றாத அளவுக்குச் சுத்தம் வந்துவிட்டது. பெரிய வயதில் தொற்றாத அளவுக்கு இன்னும் வரவில்லை. தமிழ்நாட்டின் நகரங்களும் இதே இடைநிலையில்தான் நிற்கின்றன என்று நினைக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடைநிலைக்கு நாம் வைத்திருக்கும் மருந்து என்ன? கைகழுவும் பாடம். சோப்புப் போட்டுக் கழுவு, கொதிக்கவைத்த நீரைக் குடி, வாசலில் விற்கும் பண்டத்தை வாங்காதே என்று சுவரில் படம் வரைந்து, காலைக் கூட்டத்தில் உறுதிமொழி எடுக்கவைக்கிறோம். இது வீண் என்று சொல்ல வரவில்லை. பள்ளிகளிலும் குழந்தைக் காப்பகங்களிலும் கைகழுவுவதை ஊக்குவித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. அது சிறிய பயன் இல்லை. ஆனால் ஹெபடைடிஸ் ஏ விஷயத்தில் கைகழுவலுக்குச் சில கறாரான எல்லைகள் உண்டு. தொற்றிய நாளிலிருந்து கண் மஞ்சளாக 15 முதல் 50 நாள்கள், சராசரியாக 28 நாள்கள் ஆகும். மலத்தில் வைரஸ் மிக அதிகமாக வெளியேறுவதோ காமாலை தெரிவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில். அதாவது ஒரு மாணவிக்குக் காமாலை என்று தெரிந்து வீட்டில் இருத்தும்போது, அவள் பரப்ப வேண்டியதில் பெரும்பகுதியைப் பரப்பி முடித்திருப்பாள். அறிகுறியே இல்லாத அவளுடைய மூன்று வயதுத் தம்பியோ எந்தப் பட்டியலிலும் வரமாட்டான். வெளிப்புறக் கொழுப்புறை இல்லாத வைரஸ் என்பதால் ஆல்கஹால் கலந்த கைத்திரவம் இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். இடைவேளை மணி அடித்ததும் நூறு பிள்ளைகள் ஒரே குழாயடிக்கு ஓடும் பள்ளியில், கழிப்பறைப் பக்கம் சோப்பு வைத்தால் மாலைக்குள் காணாமல் போகும் பள்ளியில், ‘குறைந்தது இருபது நொடி கழுவு’ என்று எழுதிவைப்பது யாரை நோக்கிச் சொல்லும் அறிவுரை என்று தெரியவில்லை.

தண்ணீர்ச் சோதனையும் இதேபோல் நம்மை ஏமாற்றும். பள்ளியின் மேல்நிலைத் தொட்டியில் கழிவுநீர் கசிந்தது மாதத்தின் முதல் வாரத்தில் என்று வைத்துக்கொள்வோம். முதல் காமாலை தெரிவது நான்கு வாரம் கழித்து. சுகாதார ஆய்வாளர் புட்டியில் நீர் எடுத்து அனுப்பும்போது தொட்டி பலமுறை காலியாகி நிரம்பியிருக்கும். கோலிபார்ம் பாக்டீரியா இல்லை, நீர் குடிக்கத் தகுந்தது என்று அறிக்கை வரும். கோலிபார்ம் இல்லாவிட்டால் இந்த வைரஸும் இல்லை என்று ஆகிவிடாது; இது அந்த பாக்டீரியாவைவிடக் குளோரினைத் தாக்குப்பிடிக்கும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது: குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்றும், வைரஸிலிருந்து பாதுகாப்பு தேவைப்படும்போது குறைந்தது 0.5 மில்லிகிராம் என்றும் அது சொல்கிறது. எத்தனை பள்ளிக் குழாய்களில் அந்த அளவு கிடைக்கிறது என்று யாராவது தினமும் பார்த்துக் குறித்துவைத்தால், அதுவே சுவரோவியங்களைவிடப் பெரிய சுகாதாரக் கல்வி.

தடுப்பூசிக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. அதன் ஆற்றலுக்கான அடிப்படைச் சான்றுகள் பிள்ளைகளிடமிருந்தே கிடைத்தவை. நியூயார்க் மாநிலத்தில் காமாலை அடிக்கடி தலைகாட்டிய ஒரு யூதக் குடியிருப்பில் 2 முதல் 16 வயது வரையுள்ள 1,037 பேரிடம் ஒரே தவணையாகப் போட்டுப் பார்த்த சோதனை 1992இல் வெளியாயிற்று: ஐம்பதாவது நாளுக்குப் பிறகு, வெற்று ஊசி பெற்றவர்களில் 25 பேருக்கு நோய் வந்தது, தடுப்பூசி பெற்றவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. தாய்லாந்தின் காம்பேங் பெட் மாகாணத்தில் சுமார் 40,000 பிள்ளைகளிடம் நடந்த சோதனை 1994இல் வெளியாகி, 94 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியது. இந்தச் சோதனைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுபவை, தடுப்பூசியை நாடு முழுவதும் கொடுத்த பிறகு நடந்தவை. இஸ்ரேல் 1999 ஜூலையில் 18, 24 மாதக் குழந்தைகளுக்கு இரு தவணை கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பேருக்கு வந்துகொண்டிருந்த நோய், 2002–2004இல் இரண்டு, இரண்டரை என்று இறங்கியது. ஊசி போட்டது குழந்தைகளுக்கு. நோய் குறைந்ததோ எல்லா வயதிலும். பள்ளிப் பிள்ளைக்கும் கல்லூரி மாணவருக்கும் வைரஸைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது வீட்டிலும் காப்பகத்திலும் இருந்த சின்னஞ்சிறு குழந்தைகள் என்பது அதிலிருந்து புலப்பட்டது. அர்ஜென்டினா இன்னும் சிக்கனமாகச் செய்தது. 2005 ஜூனில் ஒரு வயதில் ஒரே தவணை. அதற்கு முன் அந்த நாட்டில் குழந்தைகளுக்குக் கல்லீரல் திடீரெனச் செயலிழக்க முதன்மைக் காரணமாக இருந்ததும், பலரைக் கல்லீரல் மாற்று அறுவைக்குக் கொண்டுபோனதும் இந்த நோய்தான். 2007 மார்ச்சுக்குப் பிறகு இந்த வைரஸுக்காகக் குழந்தைக்குக் கல்லீரல் மாற்றவேண்டிய நிலை அங்கே வரவில்லை.

ஆகவே, பள்ளிப் பிள்ளைகளைக் காக்கச் சிறந்த வழி பள்ளியில் ஊசி போடுவதாக இல்லாமல் போகலாம். ஸ்பெயினின் கட்டலோனியா 1998 முதல் பன்னிரண்டு வயது மாணவர்களுக்குப் பள்ளியிலேயே ஏ, பி இரண்டும் சேர்ந்த தடுப்பூசி கொடுத்தது, பலன் கிடைத்தது. ஆனால் பன்னிரண்டு வயதுவரை காத்திருப்பது, தொற்றுச் சங்கிலி தொடங்கும் இடத்தை விட்டுவிட்டு நடுவில் வெட்டுவது. இந்தியாவில் 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணைக்கும் முத்தடுப்பு ஊக்கத் தவணைக்கும் குழந்தை எப்படியும் வருகிறது. அப்போதே இதையும் கொடுத்துவிடலாம். தாய்க்கு ஒரு நாள் கூலி கூடுதலாகப் போகாது. அப்படியானால் கல்விக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது, ஆனால் இப்போது செய்வதைவிட வேறானது. பிறந்தவுடனும் பிறகு ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியிலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். அதனால் ‘காமாலை ஊசி போட்டாச்சு’ என்று நம்பும் பெற்றோர் ஏராளம். அது வேறு வைரஸ், இது வேறு என்று அவர்களுக்கு யாரும் விளக்கியதில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியைப் பள்ளிகளில் போடத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்தி என்ன பாடுபடுத்தியது என்பது நினைவிருக்கும். படித்த பெற்றோரே ஒப்புதல் தர மறுத்தார்கள். கைகழுவும் பாடத்தைப் பத்து முறை நடத்திய பள்ளிகள், அந்த ஊசி ஏன் என்பதை ஒரு பெற்றோர் கூட்டத்தில் பேசியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

கீழாநெல்லியையும் இங்கே சொல்லியாக வேண்டும். காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் நோய் என்பதால், அந்த நாள்களில் எதைக் கொடுத்தாலும் அது குணப்படுத்தியதாகத்தான் தோன்றும். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லி வகையைச் சோதித்து 1988இல் லான்செட் இதழில் எழுதியது உண்மை. ஆனால் அது ஹெபடைடிஸ் பி நெடுநாள் தொற்றைப் பற்றியது, வேறு இடங்களில் அதே பலன் கிடைக்கவில்லை. சாற்றைக் குடிப்பதால் வரும் தீங்கைவிட, மயக்கமோ குழப்பமோ ரத்தக்கசிவோ தெரியும் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் பச்சிலை வைத்தியரிடம் மூன்று நாள் வைத்திருப்பதால் வரும் தீங்குதான் பெரிது. எந்த அறிகுறி தெரிந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது என்பது ஆறாம் வகுப்புப் பாடத்தில் இருக்கவேண்டிய செய்தி.

எதிர்வாதங்களில் எளிதானது, சிறுவயதில் வந்தால் லேசாகத்தானே வருகிறது, இயற்கையாகவே ஆயுளுக்கும் பாதுகாப்புக் கிடைக்கிறதே என்பது. வைரஸ் எல்லாக் குழந்தைகளையும் ஐந்து வயதுக்குள் தொட்டுவிடும் ஊரில் இது சரிதான். அத்தகைய இடங்களில் பொதுத் தடுப்பூசி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவந்திருக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு எல்லாக் குழந்தைகளும் மலம் கலந்த நீரைக் குடித்தால் மட்டுமே வேலை செய்யும். அதே நீரில் காலராவும் டைஃபாய்டும் வருகின்றன. அதை யாரும் பாதுகாப்புத் திட்டமாக முன்வைக்கமாட்டார்கள். 2022இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது: பெரிய பிள்ளைகளிடமும் வளர்ந்தவர்களிடமும் நோய் கூடி, மிகுபரவல் நிலையிலிருந்து இடைநிலைக்கு நாடு நகரும்போது, செலவுக்கேற்ற பயன் இருந்தால், தடுப்பூசியைத் தேசிய அட்டவணையில் சேர்க்கலாம்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. முதலில் நல்ல தண்ணீரும் கழிப்பறையும் கொடுங்கள். ஊசி போட்டுவிட்டால் அரசு அதை மறந்துவிடும். இந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நகராட்சிகளின் வரலாறு அதற்கு ஆதாரம் தருகிறது. ஆனாலும் வாதம் தன் காலிலேயே இடறுகிறது. தண்ணீரைப் படிப்படியாகத்தான் சுத்தமாக்க முடியும். அந்தப் படிகள் ஒவ்வொன்றும் சிறுவயதுத் தொற்றைக் குறைத்து, நோய்வாய்ப்படக்கூடிய மாணவர்களின் எண்ணிக்கையைக் கூட்டும். குழாய் போட்டு முடிக்கும்வரை காத்திருப்பது என்றால், அந்த இருபது முப்பது ஆண்டுகளில் வளரும் பிள்ளைகளை ஆபத்தான வயதுக்குத் திட்டமிட்டுத் தள்ளிவிடுவது என்றே பொருள். மேலும் இந்த ஊசியால் ஹெபடைடிஸ் ஈயையோ காலராவையோ தடுக்க முடியாது. கர்ப்பிணிகளுக்குக் கொடிய ஈ வைரஸ் அதே குழாயில் வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே ஊசியைக் காட்டிக் குளோரினைக் குறைக்க எந்தப் பொறியாளருக்கும் மருத்துவக் காரணம் கிடைக்காது.

மூன்றாவது எதிர்வாதத்தைத்தான் ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. அரைகுறையாகப் போட்டால் நிலைமை மோசமாகும். பாதிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் வைரஸின் சுற்று குறையும், நிற்காது. ஊசி பெறாத மற்ற பாதியினருக்கு அது இன்னும் பெரிய வயதில் வந்து சேரும். இன்று இந்தியாவில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது, ஆனால் தேசிய அட்டவணையில் இல்லை. தவணைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க முடிந்தவர் தனியார் மருத்துவரிடம் போட்டுக்கொள்கிறார். அதே வகுப்பில் அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் மகனுக்கு ஊசியும் இல்லை, அவன் அப்பாவுக்குச் சிறுவயதில் கிடைத்த இயற்கைப் பாதுகாப்பும் இல்லை. இந்த ஆபத்திலிருந்து தப்பிக்க ஊசியை நிறுத்துவது ஒரு வழி. அதை வசதியுள்ள பெற்றோர் ஒப்பமாட்டார்கள். எல்லோருக்கும் கொடுப்பது மற்றொரு வழி. இஸ்ரேலிலும் அர்ஜென்டினாவிலும் பலன் வந்தது ஏறக்குறைய பத்தில் ஒன்பது குழந்தைகளை எட்டிய பிறகுதான். வழக்கமான தடுப்பூசிகளில் அந்த அளவை எட்டிய மாவட்டங்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருக்கின்றன.

செலவு பற்றிய பயம் முன்பு போல் இல்லை. அர்ஜென்டினாவின் ஒரு தவணை வழி செலவைப் பாதியாக்குகிறது. உயிருள்ள வலுக்குறைத்த வைரஸால் ஆன ஒரு தவணை ஊசியைப் பெற்ற புனே குழந்தைகளைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது பெரும்பான்மையினரிடம் பாதுகாப்பு நிலைத்திருந்தது. 2024 ஜனவரியில் ஹைதராபாதின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் உள்நாட்டிலேயே உருவாக்கிய ஊசியை வெளியிட்டதால் இறக்குமதி விலைக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமும் தளர்ந்திருக்கிறது. நாடு முழுவதும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். பிகாரின் ஏதோ ஒரு கிராமத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் ஒரே தேவை கிடையாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை 2006இலிருந்து நோய் உள்ள மாவட்டங்களில் மட்டும் கொடுத்த அனுபவம் நம்மிடமே உண்டு. அமெரிக்காவும் 1999இல் நோய் அதிகமுள்ள மாநிலங்களில் தொடங்கி 2006இல்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கியது. இடைநிலை மாவட்டங்களில் ஒன்றரை வயதில் ஒரு தவணை; சில ஆண்டுகளுக்கு மட்டும் முதல் வகுப்பில் சேரும்போது விடுபட்டவர்களுக்கு ஒரு தவணை. பள்ளியில் ஒரு மாணவருக்குக் காமாலை உறுதியானால், இரண்டு வாரத்துக்குள் அவருடைய வகுப்புக்கும் வீட்டுக்கும் ஊசி. தொற்றுக்குப் பிறகும் அந்தக் கெடுவுக்குள் போட்டால் தடுக்கும் என்பதைக் கசகஸ்தானின் அல்மாட்டியில் நடந்து 2007இல் வெளியான சோதனை காட்டியிருக்கிறது.

எந்த மாவட்டம் இடைநிலைக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஏ முதல் ஈ வரை எல்லாவற்றையும் தன் வரம்பில் வைத்திருக்கிறது. அண்மைத் தொற்றைக் காட்டும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் சோதனையில் உறுதியான ஒவ்வொரு நோயாளியின் வயதையும் ஊரையும் மாவட்டவாரியாகத் தொகுத்து, ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட்டால் போதும். ஐந்து வயதுக்குட்பட்டோர் குறைந்து பத்து, பதினைந்து, இருபத்தைந்து வயதினர் கூடும் மாவட்டங்களின் பெயர்கள் அந்தப் பட்டியலிலேயே தெரியவரும்; முதல் தவணைப் பெட்டிகளை எங்கே அனுப்புவது என்பதை அதைப் பார்த்தே முடிவுசெய்யலாம்.